மன்னிப்பு வேண்டாம், விசாரியுங்கள்

யுத்தம் முடிந்த வருடம், கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரி அறைக்குள் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். வெளியே வாங்கில் குந்தியிருந்து காத்திருந்தவர்கள் உள்ளே இரண்டு பெண்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சண்டை பிடித்தது ஒரே ஒருத்திதான். அது நான்.

ஆனால் அந்தச் சண்டை விளங்கவேண்டுமென்றால் சுனாமிக்கு முதல்நாள் சனிக்கிழமைக்குப் போகவேண்டும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடித்துவைப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா எனக்கொரு வீடும் அதே வளவுக்குள் தங்கைக்கொரு வீடும் கட்டிவைத்தார். இரண்டும் கடற்கரைப் பக்கம். தங்கையின் மாப்பிள்ளை கடலுக்குத் தூரத்தில் வயல்களுக்குள் இருக்கும் இறக்காமத்துக்காரர். கொஞ்சக் காலம் எங்களோடு நன்றாகத்தான் இருந்தார். பிறகு வயலைப் பார்க்க ஆளில்லை, யானை வந்து வேளாண்மையை மிதிக்கிறது என்று சொல்லி அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே போனதும் கைநீட்டத் தொடங்கினார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலு வயது மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தன்னுடைய வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஒரு பக்கக் காது வீங்கிச் சிவந்திருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வந்தார். நான் கேற்றடியில் நின்றேன். என் வாய் ஊரறிந்த வாய். எங்கள் ஆட்களின் கல்யாண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்துக்குத் தனியே போகப் பயந்த எத்தனையோ பெண்களுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். பிள்ளைக்குச் செலவு கொடுக்காத ஆண்கள் என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போவார்கள். அப்படிப்பட்டவள் சொந்தத் தங்கையை விடுவேனா?

"மதினி, என்ட பொஞ்சாதிய அனுப்புங்க" என்றார் அவர்.

"காதியாரிட்ட வாங்க, அங்க கதைப்பம்" என்று சொல்லிவிட்டு கேற்றைச் சாத்தினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னவை பத்திரிகையில் வரக்கூடியவை அல்ல. அவர் ஏசிக்கொண்டே போனார்.

அடுத்தநாள் காலை, தங்கையின் மகள் அடம்பிடித்ததால் அவளையும் கூட்டிக்கொண்டு பெரிய வீதிக்குப் பாண் வாங்கப் போனேன். என் கணவரும் அந்த வீதியில்தான் கடையில் இருந்தார். தங்கை கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். கடல் திரும்பிப் போனபோது எங்கள் வளவில் கிணற்றுக்கட்டும் ஒரு தென்னையும்தான் நின்றன.

தங்கையைக் கண்டெடுத்து அடக்கம் செய்தபிறகு அவளுடைய மாப்பிள்ளை நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மனிதர் உடைந்துபோய்த்தான் வந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்க அனுப்பியிருந்தா அவ உசிரோட இரிப்பா."

இறக்காமத்துக்குக் கடல் போகவில்லை.

அந்த வசனம் எனக்குள் குடியேறிவிட்டது. முதலில் அவருடைய குரலில் கேட்டது. சில மாதங்களில் அது என்னுடைய குரலாகவே மாறிவிட்டது. சோறு வடிக்கும்போது, தொழுது முடித்து எழும்பும்போது, தலைவாரும்போது, 'நீ மறிச்சதாலதான்' என்று தொடங்கும். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், மூச்சு எடுபடாது. முடிவு என்று ஒன்றை எடுக்கவே பயம் பிடித்தது. மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் எந்த மீனை வாங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பேன். காதிக்குத் துணைக்கு வரச்சொல்லி வந்த பெண்களைத் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஊரறிந்த வாய் மூடிக்கொண்டது. சில பேருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்கையின் மகள் என்னிடமே வளர்ந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய வாப்பா வேறு கல்யாணம் முடித்துவிட்டார். பள்ளிக்கூட விடுமுறைகளுக்கு மட்டும் வந்து இறக்காமத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஒவ்வொரு முறை அவள் திரும்பி வரும்போதும் நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அங்கே யாராவது அந்த வசனத்தை அவள் காதில் போட்டிருப்பார்களா? என்றைக்கோ ஒரு நாள் அவள் என்னிடம், 'நீங்கள் அனுப்பியிருந்தால் என் உம்மா இருந்திருப்பாவா?' என்று கேட்கத்தான் போகிறாள். என்னுடைய பயம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். அவள் கேட்டுவிட்டு என்னை விட்டுப் போய்விடுவாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

உதவி தேடவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் அரிசி மூட்டைக்கு அடுத்தபடியாக அதிகம் வந்து இறங்கியவர்கள் உளவளத்துணையாளர்கள்தான். பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். கண்ணை மூடி அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். மொழிபெயர்க்க வந்த பிள்ளைக்கு வாய் வரவில்லை. பிறகு தானாகவே அதை வயல்வெளி என்று மாற்றிச் சொன்னாள். எனக்கு வயல்வெளி என்றால் இறக்காமம். கண்ணைத் திறந்துகொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

உறவுக்காரர் ஒருவர் இது அல்லாஹ்வின் கதர், அவன் எழுதிய விதி, சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார். அதை நான் நம்புகிறேன், இன்றைக்கும் நம்புகிறேன். மௌத்து எங்கே எப்போது என்பது அவன் கையில். ஆனால் என்னைத் தின்றுகொண்டிருந்தது மௌத்து அல்ல, நான் சாத்திய கேற்று. டொக்டர் தந்த குளிசையால் நித்திரை வந்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலையில் எழும்ப அந்தக் குரலும் கூடவே எழும்பிவிடும்.

இன்னொருவர் மூச்சை எண்ணி இழுத்துவிடச் சொல்லித்தந்தார். படபடப்புக்கு அது கைகொடுத்தது. இன்னுமொருவர் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று 'நான் என்னை மன்னிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் கூடியது. மன்னிப்பதென்றால் குற்றம் செய்திருக்கவேண்டும். காது வீங்கி வந்த தங்கையை அடிக்கிறவரோடு அனுப்பாதது குற்றமா? குற்றம் என்றால் என்னை நானே மன்னிக்க நான் யார்? குற்றம் இல்லையென்றால் எதற்கு மன்னிப்பு? இதைக் கேட்டால் அவர் முகத்தைப் பரிவாக வைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டலைக் கண்டாலே பிடிக்காமல் போய்விட்டது.

இப்படியே வருடங்கள் போயின. யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த நேரம், ஆஸ்பத்திரியில் ஒரு புதிய உளவளத்துணையாளர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண். என்னைவிட இளையவர். அவரிடம் போகிறேன் என்றதும் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். நம்முடைய குடும்ப விஷயத்தைப் போயும் போயும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சொல்வதா, அதுவும் இந்த நேரத்தில் என்றார்கள். நம்முடைய ஊரில் சொன்னால் அஸர் தொழுகைக்கு முன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும், அவரிடம் சொன்னால் அவரோடு இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டுப் போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு நான் யாரையோ எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

அவரும் தொடக்கத்தில் எல்லாரையும் போலத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, உங்களோடு நீங்களே கொஞ்சம் இரக்கமாக இருங்கள், உங்களை நீங்களே மன்னிக்கப் பழகுங்கள் என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"மன்னிக்கச் சொல்லி இன்னும் ஒராள் சொன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் மிஸ்" என்றேன். "நான் குத்தம் செஞ்சனா இல்லையா எண்டு ஒராளும் விசாரிக்கல்ல. எல்லாரும் மன்னிக்க மட்டும் வாறாங்க."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். கோபித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இருங்க அக்கா" என்றார் பிறகு. "எனக்குப் படிப்பிச்சது அதுதான். உங்களுக்கு அது சரிவராது போல கிடக்கு. எது சரிவரும் எண்டு நீங்களே சொல்லுங்க."

இத்தனை பேரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் திரும்ப உட்கார்ந்தேன். எனக்கு விசாரணை வேண்டும் என்றேன். காதி நீதிமன்றத்தில் எப்படி விசாரிப்பார்கள் என்று அவர் கேட்டார், அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வழக்கு வைத்தவர் முதலில் பேசுவார், பிறகு எதிர்த்தரப்பு பேசும், பிறகு சாட்சி, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு யாரும் முடிவு சொல்லமுடியாது என்று விளக்கினேன். அவர் எழும்பி மூலையில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்து நேருக்கு நேர் போட்டார். இப்படி ஒரு முறை தங்கள் படிப்பிலும் இருக்கிறதாம், காதி மட்டும் இல்லையாம். எங்கள் ஊரில் பெண்ணைக் காதியாக வைக்கமாட்டார்கள் என்பதால் அந்த அறையிலும் காதி இருக்கவில்லை. நாங்கள் இருவரும்தான்.

ஒரு கதிரை அந்தக் குரலுக்கு. மற்றது எனக்கு. குரலின் கதிரையில் இருந்து பேசச் சொன்னபோது எனக்கு ஒரு தடங்கலும் இல்லை, பொழிந்து தள்ளினேன். இடம் மாறி மற்றக் கதிரையில் இருந்ததும் வாயே திறபடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். இதுவும் சரிவரப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

அப்போது அவர் கேட்டார், வேறொரு பெண்ணுக்குத் துணையாகப் போனாலும் இப்படித்தான் வாய்மூடி இருப்பீர்களா என்று. எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்றேன். அப்படியென்றால் அந்தக் கதிரையில் நீங்கள் இருக்கவேண்டாம், அங்கே ஒரு பாவப்பட்ட பெண் இருக்கிறாள், நீங்கள் அவளுக்குத் துணையாக வந்திருக்கிறீர்கள், பின்னால் நின்று அவளுக்காகப் பேசுங்கள் என்றார்.

எழும்பி அந்த வெறுங்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு ஓடிப்போனார். அடிபட்டு வந்தவளை அனுப்பச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். கடல் வரும் என்று யாருக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். பிறகு ஓடிப்போய் எதிர்க்கதிரையில் இருந்து அந்தக் குரலாகப் பதில் சொன்னேன், திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். முழங்கால் நோவு எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு கட்டத்தில் அந்தக் குரல் தன் கடைசிக் கத்தியை எடுத்தது. "நீ தங்கச்சிக்காக மறிக்கல்ல. ஊருக்கு முன்னால பெரிய ஆள் எண்டு காட்டத்தான் மறிச்சாய்."

இந்தப் பக்கம் வந்து நின்றேன். அதில் கொஞ்சம் உண்மை இருந்துவிட்டால் என்ன செய்வது?

"சாட்சி இருக்கா?" என்று கேட்டார் அவர். "கேற்றடியில அண்டைக்கு வேற யார் நிண்டது?"

"தங்கச்சி."

"அவ என்ன சொன்னவ?"

தங்கை சொல்லியிருந்தாள். நான் கேற்றைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் பின்னாலிருந்து வந்தாள். முக்காடு சரிந்திருந்தது, மகள் இடுப்பில் இருந்தாள், குரல் நடுங்கியது. ஆனால் வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "இது என்ட வீடு. நான் வரமாட்டன்" என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரை எதிர்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவ்வளவு பெரிய வார்த்தை எப்படி எனக்கு மறந்துபோனது? நாலு வருடத்துக்கு மேலாக அந்தச் சனிக்கிழமையைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. நடுவில் என் தங்கை ஒரு சாமான் மாதிரி நின்றாள். அவள் தானாக பஸ் ஏறி வந்ததும், தன் வீட்டில் தன் காலில் நின்றதும், தன் வாயால் மாட்டேன் என்றதும் எல்லாம் அழிந்துபோய்விட்டன. என்னைக் குற்றவாளியாக்குவதற்காக அவளுடைய துணிச்சலையே பறித்துவிட்டது அந்தக் குரல். அன்றைக்குத்தான் எனக்கு அதன்மேல் உண்மையான கோபம் வந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஏசினேன், திரும்ப அழுதேன். அவர் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

அதன்பிறகும் பல கிழமைகள் அவரிடம் போனேன். யுத்தம் முடிந்ததென்று வீதியில் பட்டாசு கொளுத்திய கிழமையும் போனேன். ஒவ்வொரு வெடிக்கும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு மேசையைப் பார்த்தார். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் அவருடைய அண்ணன் இருந்தாராம், ஒரு செய்தியும் இல்லையாம். இன்றைக்கு என்னால் ஒழுங்காகக் கேட்கமுடியுமோ தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். நான் அவருக்கு சபூர் சொல்லவில்லை. அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருட நோன்பு விடுமுறைக்குத் தங்கையின் மகள் இறக்காமம் போனாள். பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தாள். நான் குசினியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். உடுப்புப் பையைக்கூட வைக்காமல் வாசற்படியில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியும்மா, நீங்க அனுப்பியிருந்தா உம்மா மௌத்தாகியிருக்க மாட்டாவாம். ஓமா?"

நெஞ்சு படபடத்தது. கை வேர்த்தது. எல்லாம் வழக்கம்போலத்தான் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவளை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"ஓம்" என்றேன். "இறக்காமத்தில இருந்திருந்தா உசிரோட இரிந்திருப்பா. ஆனா நான் அனுப்பியிருக்க மாட்டன் மகள். கடல் வரும் எண்டு எனக்குத் தெரியாது. அங்க போனா அவக்கு அடி விழும் எண்டு தெரியும். தெரிஞ்சத வெச்சுத்தான் மறிச்சன். நாளைக்கு உனக்கு அப்படி நடந்து நீ வந்து நிண்டாலும் உன்னையும் அனுப்ப மாட்டன்."

நான் விடவில்லை. இன்னும் ஒன்று அவளுக்குக் கொடுக்க இருந்தது. "உன்ட உம்மாவ நான் ஒளிச்சு வைக்கல்ல. அவவே முன்னால வந்து உன்ட வாப்பாட்ட சொன்னவ, இது என்ட வீடு, நான் வரமாட்டன் எண்டு. நீ அப்ப அவட இடுப்பில இருந்த."

"நானும் இருந்தனா?"

"ஓம். நீயும்தான்."

"உம்மா பயப்படல்லையா?"

"நல்லாப் பயந்தவ. பயந்து பயந்துதான் சொன்னவ."

அவளுக்குத் தாயின் குரல் ஞாபகமில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா எப்படிச் சொன்ன? அவ மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

எழும்பி நின்று, என் தங்கை சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மகள் இன்னொருக்காச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாம் முறை அவளும் என்னோடு சேர்ந்து சொன்னாள். பிறகு பையைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துவிட்டு, கஞ்சிக்கு உள்ளி உரிக்க வந்து உட்கார்ந்தாள்.

அவள் என்னை விட்டுப் போகவில்லை. நான் மறுபடியும் பெண்களுக்குத் துணையாகக் காதி நீதிமன்றத்துக்குப் போகிறேன். படபடப்பு முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய், மூச்சை எண்ணி இழுத்துவிட்டுத்தான் இப்போதும் வீட்டை விட்டு இறங்குகிறேன். அந்தக் குரலும் சில நாட்களில் வந்து வழக்கைத் திறக்கப் பார்க்கிறது. திறக்கட்டும், ஆனால் என் தங்கையைப் பேசவிடாமல் எனக்குத் தீர்ப்புச் சொல்ல இனி நான் யாரையும் விடமாட்டேன், என்னையும்தான்.